ஃபிளெக்ஸ் போர்டு கொஞ்சம் பொறுக்கட்டும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தென்காசிப் பக்கம் சின்ன ஊர். என் மகள் நர்ஸ். பல வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இப்போது ஒரு சர்வதேச மருத்துவ அமைப்பு அவளைத் தேர்வு செய்திருக்கிறது. சாட் நாட்டின் கிழக்கே, சூடான் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமில் ஆறு மாதப் பணி. தேவைப்பட்டால் எல்லை தாண்டி சூடானின் டார்ஃபூர் பகுதிக்கும் அனுப்புவார்களாம். எங்கள் ஊர்ச் சங்கத்தார் பெருமைப்பட்டு வழியனுப்பு விழா வைக்கிறார்கள்: பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ், யூடியூப் சேனலில் பேட்டி எல்லாம் உண்டு. என் மனைவிக்கோ தூக்கமே போய்விட்டது. செஞ்சிலுவை மாதிரி அடையாளம் போட்டிருந்தால் சுடமாட்டார்கள்தானே? சட்டம் காப்பாற்றாதா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இப்படிப் போகிறவர்களுக்கு நாம் எப்படித்தான் மரியாதை செய்வது?

பதில்:

ஐயா, வணக்கம்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். யூடியூப் பேட்டியும் வேண்டாம். சங்கத்தாருக்கு வருத்தமாக இருக்கும், பரவாயில்லை.

நிவாரண அமைப்புகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். ஒருவர் கிளம்புவதற்கு முன்னால் அவருடைய பெயரை இணையத்தில் தட்டிப் பார்ப்போம். அவரைப் பிடித்து வைக்கிறவனும் அதையேதான் செய்வான் என்பதால். நம் ஊர் ஃபிளெக்ஸை நினைத்துப் பாருங்கள். மகளின் முழுப்பெயர், படம், அமைப்பின் பெயர், போகும் நாடு, கிளம்பும் தேதி. கீழே வாழ்த்துகிறவர்கள் வரிசை: நகைக்கடை, ரியல் எஸ்டேட், அரிசி ஆலை. பணயத்தொகை பேச உட்காருகிறவனுக்கு இந்தக் குடும்பத்துக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று நாமே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். ஃபிளெக்ஸை மறுவாரம் கழற்றிவிடலாம். அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டவர்களை என்ன செய்வது?

கிழக்குச் சாடில் ஆள் கடத்தல் கேள்விப்படாத விஷயம் அல்ல. 2009 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அங்கே கடத்தப்பட்டு, மறு பிப்ரவரியில்தான் விடுதலையானார். நம் பக்கத்து ஆளே ஒருவர் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக்காரர் அருட்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார். தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளோடு வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, இயேசு சபை அகதிகள் பணியின் சார்பில் ஆப்கானிஸ்தான் போனவர். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே, நாடு திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போன இடத்தில் கடத்தப்பட்டார். 2015 பிப்ரவரி 22 அன்றுதான் டெல்லி வந்து சேர்ந்தார். எட்டு மாதத்துக்கும் மேல்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் குடும்பம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அமைப்பு நியமித்த ஆளைத் தவிர யாரிடமும் பேசாமல் இருப்பது. ஏற்கெனவே நாலு சேனலுக்குப் பேட்டி கொடுத்துப் பழகிய வீட்டில் அது நடக்காது. மைக் தானாக வாசலுக்கு வந்துவிடும்.

சரி, சட்டம்.

உங்கள் மகளைச் சட்டம் பாதுகாக்கிறது, சந்தேகமே வேண்டாம். 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததை, பின்னால் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி துனான் பார்த்ததில் தொடங்கி, 1864இன் முதல் ஜெனிவா உடன்படிக்கை, 1949இன் நான்கு உடன்படிக்கைகள், 1977இன் கூடுதல் நெறிமுறைகள் என்று நீண்ட கதை அது. உள்நாட்டுப் போரிலும் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கக் கூடாது என்று இரண்டாவது நெறிமுறை சொல்கிறது. சூடானும் அதை ஏற்றிருக்கிறது. நிவாரணப் பணியாளர்களை வேண்டுமென்றே தாக்குவது போர்க்குற்றம் என்கிறது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம். அதில் சூடான் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை, அதைக் கேட்க வேண்டியவர்களிடம் நாம் கேட்பதும் இல்லை. ஆனால் டார்ஃபூரைப் பாதுகாப்புச் சபையே 2005இல் அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டதால் அங்கே நடப்பதை அது விசாரிக்க முடியும். 2003, 2004 காலத்துக் கொடுமைகளுக்காக ஜன்ஜவீத் என்ற ஆயுதக் குழுவின் தலைவன் அலி குஷைபைக் குற்றவாளி என்று அது சொன்னது 2025 அக்டோபரில். இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அடையாளச் சின்னம் பற்றிக் கேட்டீர்கள். செஞ்சிலுவை, செம்பிறை, 2005இல் வந்த செம்படிகம் என்று மூன்று சின்னங்களுக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. அவற்றை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. படைகளின் மருத்துவப் பிரிவு, செஞ்சிலுவை இயக்கம், அரசு அனுமதித்த மருத்துவமனைகள், இப்படிச் சிலருக்குத்தான் உரிமை. உங்கள் மகளின் அமைப்பு செஞ்சிலுவை இயக்கத்தைச் சேர்ந்தது இல்லையென்றால் அவருடைய மேலங்கியில் இருக்கப்போவது அந்த அமைப்பின் சொந்தச் சின்னம். அந்தச் சொந்தச் சின்னத்துக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. மருத்துவப் பணியாளர் என்ற முறையில் அவருக்கு உண்டு.

இங்கே ஒரு சின்னக் கோபம். நம் ஊரில் டாக்டர் காரில், மருந்துக்கடைப் பலகையில், முதலுதவிப் பெட்டியில், அழைப்பிதழ் மூலையில் என்று எங்கு பார்த்தாலும் சிவப்புச் சிலுவை. 1960ஆம் வருடத்து ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டப்படி இந்தியாவில் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். 'இதில் என்ன கெட்டுப்போயிற்று' என்பார்கள். வெறும் ஆஸ்பத்திரி அலங்காரம் என்று ஆகிவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பவன் அதைப் பார்த்துக் கையை எடுக்க வேண்டிய காரணம் என்ன? உங்கள் சங்கம் என்றைக்காவது விழா வைத்தாலும் அழைப்பிதழில் அதைப் போட வேண்டாம்.

இப்போது கசப்பான பகுதி. சின்னமும் சட்டமும் இருந்தால் சுடமாட்டார்களா என்றால், சுடுகிறார்கள். 2024 ஏப்ரல் 1 இரவு காசாவின் டெய்ர் அல் பலாவில் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு உதவி அமைப்பின் வண்டிகள் இஸ்ரேலிய ராணுவத் தாக்குதலில் அடுத்தடுத்து நொறுங்கின. வண்டியின் கூரையில் சின்னம் இருந்தது. போகிற பாதையை முன்கூட்டியே அந்த ராணுவத்திடம் சொல்லியிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள்; ஆஸ்திரேலியா, போலந்து, பிரிட்டன் என்று பல நாட்டவர், கூடவே ஒரு பாலஸ்தீன ஓட்டுநர். பெரிய தவறு நடந்துவிட்டது என்று சொல்லி ராணுவம் இரண்டு அதிகாரிகளைப் பதவி நீக்கியது. அடுத்த வருடம் மார்ச் 23 அன்று அதே காசாவின் ரஃபாவில் ஆம்புலன்ஸ்காரர்களும் மீட்புப் பணியாளர்களுமாகப் பதினைந்து பேர் கொல்லப்பட்டு மணலுக்குள் புதைக்கப்பட்டார்கள். விளக்குப் போடாமல் வந்த வண்டிகள் என்றுதான் முதலில் ராணுவம் சொன்னது. இறந்தவர்களில் ஒருவருடைய செல்போனில் இருந்த வீடியோவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 2015இல் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தபோதும், அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்பது அமெரிக்கப் படையிடம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் சட்டம் எதற்கு? நம் சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சிவப்புக்கு நிற்பதால்தான் நாம் சாலையைக் கடக்கிறோம். நிற்காத லாரியைச் சிவப்பு விளக்கு தடுக்காது. நின்றவனுக்கும் நிற்காதவனுக்கும் ஒரே மரியாதை என்றால் கொஞ்ச நாளில் யாரும் நிற்கமாட்டார்கள். நிவாரணப் பணியில் இன்றைக்கு அதுதான் நடக்கிறது. பணியாளர்களைப் பாதுகாக்க வேண்டும், தாக்கியவர்களை விசாரிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2730ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பதினான்கு நாடுகள் ஆதரவு, ரஷ்யா மட்டும் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஒரே வருடத்தில் உலகம் முழுக்க 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. சொன்னது. காசாவில் 180க்கு மேல், சூடானில் 60.

அந்த 383 பேரில் மிகப் பெரும்பாலானவர்கள் வெளியிலிருந்து விமானத்தில் போய் இறங்கியவர்கள் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்கள். ஓட்டுநர், காவலாளி, கிடங்குக்காரர், உள்ளூர் நர்ஸ். நிலைமை மோசமானால் உங்கள் மகளை அமைப்பு வெளியே கொண்டுவரப் பார்க்கும். அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணுக்குப் போக வேறு ஊர் கிடையாது.

தமிழில் பேசும்போது இலங்கையின் மூதூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த ஊருக்காக ராணுவமும் புலிகளும் மோதிக்கொண்டிருந்தார்கள். பசிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சு அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் பதினேழு பேர் தங்கள் அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம், பெண்களும் இருந்தார்கள். சுனாமியில் நொந்த மக்களுக்கு வேலை பார்த்தவர்கள். அமைப்பின் சட்டையைப் போட்டபடியே அலுவலக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அரசும் புலிகளும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நார்டிக் நாட்டுக் குழு அரசுப் படைகளையே குற்றம்சாட்டியது. அந்தப் பிரெஞ்சு அமைப்பும் 2013இல் அதே முடிவைத் தன் அறிக்கையில் எழுதியது. உள்நாட்டில் ஆணையம் உட்கார்ந்து விசாரித்தது. தண்டனை பெற்றவர் எவரும் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு யாராவது மாலையும் சால்வையும் கொண்டுபோனால் அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள்?

என்னைக் கேட்டால் மரியாதை என்பது முதலில் காகிதத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில், காப்பீட்டில், விசாரணை அறிக்கையில். மேடை அதற்கு அப்புறம்.

ஆகவே உங்கள் மகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அமைப்பிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். இவற்றைக் கேட்காமல் கிளம்புகிறவரைப் பார்த்தால்தான் நல்ல அமைப்புகளுக்குக் கவலை.

முதலில் காப்பீடு. நம் ஊரில் எடுக்கிற தனிநபர் விபத்துக் காப்பீடு, பயணக் காப்பீடு ஆகியவற்றில் போரினால் வரும் இழப்புக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அவர் வைத்திருக்கும் பாலிசிகளை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அமைப்பு தருகிற காப்பீட்டில் போர் அபாயம் சேர்ந்திருக்கிறதா, சாட் மட்டுமா டார்ஃபூருமா, ஊனம் ஏற்பட்டால் எவ்வளவு, விமானத்தில் நோயாளியாகக் கொண்டுவர யார் செலவு, கடத்தப்பட்டால் அத்தனை நாளும் சம்பளம் ஓடுமா, திரும்பி வந்தபின் மனநல சிகிச்சை எத்தனை மாதம் கிடைக்கும், எல்லாம் எழுத்தில் வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் கூப்பிட்டுவிட்டு ஊழியருக்கான பாதுகாப்பைத் தராமல் தப்பிக்கிற அமைப்புகளும் உண்டு. அவருடைய ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதையும் கேட்கட்டும்.

அப்புறம் பயிற்சி. சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வது, குண்டு விழும் சத்தம் கேட்டால் எங்கே படுப்பது, கடத்தப்பட்டால் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்யக் கூடாது என்று சில நாள் களப்பயிற்சி தருவார்கள். அதே சமயத்தில் ஒரு படிவமும் நிரப்பச் சொல்வார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்ய, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த சில கேள்விகள் அதில் இருக்கும். சின்ன வயதில் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயர் மாதிரி. அந்தப் பதில்கள் முகநூலில் எங்கேயும் இருக்கக் கூடாது. உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டார்ஃபூர் விஷயத்தில் ஒரு கேள்வி தனியாகக் கேட்க வேண்டும்: எல்லை தாண்டச் சொல்லும்போது மறுக்கலாமா, மறுத்தால் வேலைக்கு ஏதும் ஆகுமா? சாடுக்குச் சம்மதித்ததை டார்ஃபூருக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலைமையை விளக்கி, தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 ஜூன் தொடக்கத்தில் வட டார்ஃபூரின் அல் கோமாவில் எல் ஃபாஷர் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஐ.நா. உணவு லாரிகள் தாக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். போகும் பாதை முன்பே எல்லாத் தரப்புக்கும் சொல்லப்பட்டதுதான். மறுக்கிற உரிமை இல்லாத இடத்துக்கு நான் யாரையும் அனுப்பச் சொல்லமாட்டேன்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 2012 ஜூனில் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் குழுவின் பணியாளர்கள் நான்கு பேர் கடத்தப்பட்டார்கள். ஓட்டுநர் ஒருவர் அங்கேயே கொல்லப்பட்டார். சில நாளில் மீட்கப்பட்ட நால்வரில் ஒருவர், ஸ்டீவ் டென்னிஸ், தன் அமைப்பின் மேலேயே ஓஸ்லோவில் வழக்குப் போட்டார். அமைப்பு பெரும் அலட்சியமாக இருந்தது என்று 2015 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. சுமார் 44 லட்சம் நார்வே குரோனர் இழப்பீடு. நல்ல காரியத்துக்காகப் போனவர்கள், ஆபத்து தெரிந்துதானே போனார்கள் என்று தட்டிக்கழிக்கும் பழக்கத்துக்கு அது ஒரு அடி. சுட்டவன்தான் குற்றவாளி. ஆனால் அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு, அதை நீதிமன்றத்தில் கேட்க முடியும்.

வீட்டு வேலைகளும் கொஞ்சம் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம், ஒரு எளிய உயில், உங்களுக்கோ வேறு யாருக்கோ அதிகாரப் பத்திரம். அபசகுனம் என்று உங்கள் மனைவி சொல்வார்; வெளிநாட்டு வேலைக்குப் போகிற எல்லாரும் செய்வதுதான் என்று சொல்லிவிடுங்கள், பொய்யில்லை. சாட் எந்த இந்தியத் தூதரகத்தின் பொறுப்பில் வருகிறது என்று பார்த்து அவர் பெயரைப் பதிவு செய்யட்டும். இப்போது பார்க்கும் மருத்துவமனையில் வேலையை விட்டுவிட்டுப் போகாமல், ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். திரும்பி வருகிறவர்களில் பலர் அடுத்த மாதமே வேலை தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். சங்கத்தாருக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய ஆசை என்றால், அந்த மருத்துவமனை நிர்வாகத்திடம் போய் இதைப் பேசச் சொல்லுங்கள். யூடியூபில் வராத வேலை, ஆனால் உங்கள் மகளுக்கு உதவும்.

அவர்களுக்கு விழாவும் வேண்டும் என்றால் ஆகஸ்ட் 19 இருக்கிறது. 2003இல் அந்த நாளில் பாக்தாதின் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு, ஈராக்குக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். அதனால்தான் அது உலக மனிதநேய தினமாக ஆனது. அன்றைக்கு உங்கள் மகளின் பெயரைச் சொல்லாமல், சூடானின் அவசர உதவி அறைகளைப் பற்றிப் பேசுங்கள். 2023 ஏப்ரலில் போர் தொடங்கி வெளி அமைப்புகள் பின்வாங்கியபோது, தெருக்காரர்களே கூடி நடத்த ஆரம்பித்தவை அவை. பெரிய சட்டியில் பருப்போ அவரையோ வேகவைத்துத் தெருவுக்கே ஊற்றுகிறார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிப் போகிறார்கள், மின்கம்பியைச் சரிசெய்கிறார்கள். மேலங்கி கிடையாது, காப்பீடு கிடையாது, போரிடும் இரண்டு தரப்பும் எதிரியின் ஆள் என்று பிடித்துப் போகின்றன. 2025இல் நார்வேயின் ராஃப்டோ பரிசும் ரைட் லைவ்லிஹுட் விருதும் அவர்களுக்குக் கிடைத்தன. மூதூரின் பதினேழு பேருக்கும் அன்றைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம். தமிழில் நடக்கிற கூட்டத்தில் அது பொருந்தும்.

உங்கள் மகள் திரும்பி வந்ததும் அவரிடமே கேளுங்கள், விழா வேண்டுமா என்று. வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். வந்த வாரமே மேடையில் ஏற்றி 'அனுபவத்தைச் சொல்லும்மா' என்று மைக் கொடுப்பது சிலருக்குத் தண்டனை.

கடைசியாக, உங்கள் மனைவியின் தூக்கம். அதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. ஒரு ஏற்பாடு மட்டும் சொல்கிறேன். மகளோடு இப்போதே உட்கார்ந்து, வாரத்தில் எந்த இரண்டு நாள் செய்தி வரும் என்று முடிவு செய்யுங்கள். தினமும் பேசுவதாக மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லைப் பகுதியில் நெட்வொர்க் அடிக்கடி போகும், ஒரு நாள் போன் வராவிட்டால் வீடு இடிந்துபோகும். குறித்த நாளில் வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதற்கப்புறம் அமைப்பில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று மூன்று எண்களை எழுதி வாங்கி, உங்கள் இருவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். அந்த எண்களில் ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மனைவி ஒருமுறை கூப்பிட்டுப் பேசட்டும். எந்த மொழியில் பேசுகிறார்கள், அவருக்குப் புரிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். புரியவில்லை என்றால், தமிழோ எளிய ஆங்கிலமோ பேசுகிற ஒருவரை நியமிக்கச் சொல்லி மகள் கேட்கலாம், கேட்டால் செய்வார்கள்.